எந்தத் தானியம்?

(பொதுச் சுகாதாரம் குறித்து கோவையில் நடந்த தொடர் உரை வரிசையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. மறுநாளே மத்திய அரசு இலவச தானியத் திட்டத்தை அறிவித்தது. பிரதம மந்திரி கரீப் கல்யாண் அன்ன யோஜனா என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பு. வேலையும் கூலியும் ஒரே நாளில் நின்றுபோன மக்களுக்கு அந்த 5 கிலோ எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை இங்கே இருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் திட்டம் பல கோடி அடுப்புகளை எரிய வைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவது அதன் மீதான வசை அல்ல, அதில் விடுபட்டுப்போன ஒரு கேள்வி.

முதல் 3 மாதங்களுக்கு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், சண்டிகர், டெல்லி, குஜராத் ஆகிய 6 இடங்களுக்குக் கோதுமை ஒதுக்கப்பட்டது. மற்ற மாநிலங்களுக்கெல்லாம் அரிசி. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். அந்த மக்கள் ரொட்டி சாப்பிடுகிறவர்கள், கோதுமை அங்கேயே விளைகிறது, கிடங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்தியாவில் சீலியாக் நோய் அடர்த்தியாக இருக்கும் நிலப்பரப்பு எது என்று ஒரு குடல்நோய் மருத்துவரைக் கேட்டால், அவரும் பெரும்பாலும் இதே மாநிலங்களின் பெயரைத்தான் சொல்வார்.

சீலியாக் நோய் இருப்பவருக்குக் கோதுமை ஆகாது. பார்லியும் ரை என்ற தானியமும் ஆகாது. இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை தன் சொந்தக் குடல் சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உள்சுவர் பூந்துவாலை மாதிரி இருக்கும். லட்சக்கணக்கான மெல்லிய உறிஞ்சிகள் எழுந்து நிற்கும். அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால் சாப்பிட்ட எதுவும் உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து ஏறாது, சுண்ணாம்புச்சத்து ஏறாது. குழந்தை வளராது, பெரியவருக்கு எலும்பு உளுத்துப்போகும். ஆண்டுக்கணக்கில் ரத்தசோகைக்கு மாத்திரை விழுங்கியும் ஏறாத பெண்ணுக்குக் கடைசியில் சீலியாக் என்று தெரியவருவது மருத்துவமனைகளில் அடிக்கடி நடப்பது.

இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றே மருந்து, அதுவும் ஆயுளுக்கும். அப்படிச் சாப்பிட்டால் குடல் மெல்ல மெல்லத் திரும்பவும் தேறிவிடும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் தேறும், பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். பலர் இதைக் ‘கோதுமை அலர்ஜி’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். அலர்ஜி என்றதும், கொஞ்சம் அரிக்கும், ஒரு மாத்திரை போட்டால் அடங்கிவிடும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். சீலியாக்கில் சாப்பிட்ட அன்றைக்கு ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம். சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு சாப்பிட்டால் சேதம்? நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து 3 மாதம் போனாலே குடல் சுவரில் பாதிப்பு தெரிகிறது என்று இத்தாலிய மருத்துவர் கார்லோ கட்டாசியின் குழு 2007-இல் காட்டியது. ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதாவது, ஒரு துண்டை நாற்பதாகப் பிய்த்து அதில் ஒன்றைத் தினம் சாப்பிட்டாலே போதும். “ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது” என்று அன்போடு ஊட்டும் பாட்டிமார்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

வடநாட்டுக் குழந்தைகளுக்கு இந்த நோய் இருக்கிறது என்று வாலியாவும் சக மருத்துவர்களும் 1966-இலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் வெகுகாலம் இது வெள்ளைக்காரர் நோய் என்றே பாடம் நடந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியாவின் குழு டெல்லி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. 96 பேரில் ஒருவருக்கு இருந்தது. 2016-இல் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா அதன் முதல் ஆசிரியர். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என 3 பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். ரத்தத்தில் சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை மட்டும் தெற்கிலும் வடக்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது; மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

இப்போது அந்த 6 இடங்களுக்குத் திரும்புவோம். பஞ்சாப், ஹரியானா இரண்டிலும் 2011 கணக்கெடுப்பின்படி 5 கோடிக்கு மேல் மக்கள். நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலே 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் ரேஷனை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் 5 பேர். மாதம் 25 கிலோ கோதுமை வருகிறது. அதில் ஒரு பிள்ளை அதைத் தொடக்கூடாது. அரிசி அங்கே கிடைக்காத பொருள் அல்ல, கடையில் இருக்கிறது. ஆனால் கையில் காசு இல்லை. அப்பாவுக்குத் தினக்கூலி நின்று 2 வாரம் ஆகிறது. இலவசமாக வருவது கோதுமை, காசு கொடுத்தால்தான் அரிசி. வசதியான வீட்டில் இது ஒரு தொந்தரவு. ஏழை வீட்டில் மருந்தை நிறுத்தியதற்குச் சமம்.

ரேஷனுக்கு வெளியே வந்த உதவியும் அப்படித்தான். வடநாட்டில் ஊர் திரும்ப நடந்துபோன தொழிலாளர்களுக்கு நல்ல மனம் கொண்டவர்கள் கொடுத்த பொட்டலத்தில் பூரியும் கிழங்கும், ரொட்டியும் பருப்பும். பார்லே நிறுவனம் 3 கோடி பிஸ்கட் பொட்டலங்களை அரசு மூலம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. எத்தனையோ குழந்தைகளின் பசியை ஆற்றிய பிஸ்கட் அது. அதுவும் கோதுமை. கெடாது, சமைக்க வேண்டாம், கையில் எடுத்துப் போகலாம் என்று நாம் நிவாரணத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ரொட்டி, பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், சேமியா, ரவை. அவசர காலம் வந்தால் உணவு கோதுமையாக மாறிவிடுகிறது. வேறு பல நாடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதற்கு மிகக் கொடுமையான சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மேற்கு சஹாராவிலிருந்து விரட்டப்பட்ட சஹ்ராவி மக்கள் 1970-களின் நடுவிலிருந்து அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்தில் அகதி முகாம்களில் வாழ்கிறார்கள். ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சையும் உண்டு வளர்ந்த இனம். முகாமில் அவர்களுக்குக் கிடைத்ததோ உதவியாக வந்த கோதுமை மாவு. இதே கட்டாசியின் குழு அங்கே குழந்தைகளைச் சோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 5.6 சதவீதம் பேருக்குச் சீலியாக். உலகில் வேறெங்கும் அதுவரை காணாத அளவு. மரபணு ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மரபணு உள்ள பிள்ளையின் வாயில் நாளும் மூன்று வேளையும் கோதுமையை வைத்தது அவர்கள் சமையல் மரபு அல்ல, பசிக்கு உதவ வந்த மாவு மூட்டை.

சீலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று உலகம் அறிந்துகொண்டதே ஒரு பேரிடர் காலத்தை ஒட்டித்தான். நெதர்லாந்தில் ஹேக் நகரத்தின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் வில்லெம் காரெல் டிக்கே என்று ஒரு மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு ஆளான குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் சூம்பி, பலர் இறந்தே போவார்கள். அமெரிக்காவில் வாழைப்பழப் பத்தியம் என்று ஒன்று புகழ்பெற்றிருந்தது. டிக்கேவுக்கு ரொட்டியின் மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சில குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்த்தார்; 1941-இல் அதைப்பற்றி எழுதவும் செய்தார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

1944-45 குளிர்காலம். ஜெர்மன் படை உணவு வரத்தை மறித்ததில் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் விழுந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். துலிப் மலர்க் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றார்கள். ரொட்டி என்பது அரிதாகிவிட்டது. ஊரெல்லாம் இளைத்த அந்தக் காலத்தில் டிக்கேவின் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். பஞ்சம் முடிந்து ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். போர் முடிந்தபின் அவர் பொறுமையாக, வெய்யர்ஸ், வான் டெ காமர் போன்ற சகாக்களோடு சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து அளந்து நிறுவினார். 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். பஞ்சம் அவருக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை, அவர் முன்பே கண்டதை உறுதிசெய்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தப் பேரிடரில் பதில் கிடைத்தது.

கொரோனா காலத்தில் பணக்கார நாடுகள் என்ன செய்தன? இத்தாலியில் 2005-ஆம் ஆண்டிலிருந்தே 123-ஆம் எண் சட்டம் சீலியாக் நோயாளிகளைக் காக்கிறது. குளூட்டன் இல்லாத உணவு வாங்க மாதாமாதம் அரசே பணச்சீட்டு தருகிறது. பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்டால் அவர்களுக்கான சாப்பாடு கொடுத்தாக வேண்டும். அங்கே அந்த உணவை மருந்தாகவே கருதுகிறார்கள். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அப்போது சீட்டு பெரும்பாலும் சொந்த மண்டலத்துக்குள்தான் செல்லுபடியானது. படிக்கவோ பிழைக்கவோ போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர் கையில் அது வெறும் தாள். பிரிட்டனில் 2020 மார்ச்சில் மக்கள் பயந்துபோய் அள்ளி அள்ளி வாங்கியபோது சாதாரண பாஸ்தாவும் மாவும் தீர்ந்தன. தீர்ந்ததும் அடுத்த அடுக்கில் இருந்த குளூட்டன் இல்லாத பாஸ்தாவை எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவருக்கு அது இல்லாவிட்டால் வேறு நூறு பொருள் உண்டு. சீலியாக் நோயாளிக்கு அந்த ஓர் அடுக்குதான் கடை.

இங்கே, நம் கோவையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனை உணவியல் துறையில் இருப்பதால் அந்த மாதங்களில் எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. ஹரியானாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். பிள்ளைக்கு 6 வயது, சீலியாக் என்று ஊரிலேயே கண்டுபிடித்தது. தமிழ்நாட்டுக்கு வந்ததில் அந்தத் தாய்க்கு ஒரே நிம்மதி. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், சோறு. எங்கு திரும்பினாலும் அரிசி. ஊரடங்கில் அவர்கள் தருவிக்கும் தனி மாவு வராமல் போனபோதுகூடப் பயப்படவில்லை. எதிர்வீட்டு அம்மா தினமும் காலையில் இட்லியும் சாம்பாரும் தூக்கில் வைத்து வாசலில் வைத்துவிடுவார். பிள்ளையும் ஆசையாகச் சாப்பிட்டான். சில வாரங்களில் அவனுக்கு வயிறு உப்பத் தொடங்கியது, பேதி, சோர்வு. கொரோனாவாக இருக்குமோ என்று வீடே நடுங்கியது. பரிசோதித்தார்கள், இல்லை.

“மேடம், கோதுமை பக்கத்திலேயே போகலை. பின்ன எப்படி?” என்று அந்தத் தாய் அழுதார். நான் எதிர்வீட்டு அம்மாவிடம் பேசினேன். சாம்பாரில் என்னென்ன போடுகிறீர்கள் அக்கா, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். பருப்பு, புளி, காய், பொடி. கடைசியாக, “ஒரு சிட்டிகை பெருங்காயம்” என்றார். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை எடுத்துவந்து படித்தார். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம் என்று வரிசையாக இருந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் இப்படிக் கோதுமை மாவையோ மைதாவையோ கலப்பார்கள். அது கலப்படம் அல்ல, சட்டப்படியே நடப்பது. பெருங்காயப் பால் அத்தனை காரமானது, எதிலாவது கலந்துதான் விற்க முடியும். அரிசி மாவில் கலந்ததும் உண்டு, தேடி வாங்க வேண்டும். சாம்பார்ப் பொடியையும் அந்த அம்மா மில்லில் கொடுத்துத்தான் அரைத்திருந்தார். அதே எந்திரத்தில் முன்னால் ஒருவர் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்திருப்பார். முதல் அரைக் கிலோவில் அந்த மாவு வந்துவிடும்.

மறுநாளிலிருந்து அந்த அம்மா பெருங்காயத்தை நிறுத்திவிட்டுப் பூண்டு தட்டிப் போட்டார். மல்லியும் மிளகாயும் வறுத்து வீட்டு மிக்சியிலேயே அரைத்தார். பிள்ளை தேறினான். இந்த நோய்க்கு உதவி என்பது என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த அம்மா அனுதாபப்பட்டுவிட்டு ஒதுங்கவில்லை, “எதற்கு வம்பு” என்று இட்லி கொடுப்பதை நிறுத்தவும் இல்லை. கேட்டார், படித்தார், மாற்றிச் சமைத்தார்.

வடக்கே மாவு மில்லுக்குச் ‘சக்கி’ என்று பெயர். அங்கே இது இன்னும் கடினம். பஞ்சாபில் மக்காச்சோள ரொட்டி மரபு உணவு, ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் கம்பு ரொட்டி. இவற்றில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் தெருவுக்கு ஒரு சக்கி. அதில் முக்கால்வாசி நேரமும் ஓடுவது கோதுமை. காற்றெல்லாம் கோதுமைத் தூசி. அந்தக் கல்லில் கம்பை அரைத்து வாங்கினால் அது கம்பு மாவாக இருக்காது. விவரம் தெரிந்த குடும்பங்கள் வீட்டுக்கே சின்ன எந்திரம் வாங்கிவிடுகின்றன. முடியாதவர்கள் நகரத்தில் சோதனை செய்து பையிலடைத்த மாவை வாங்குகிறார்கள். நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே குளூட்டன் இருந்தால்தான் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட முடியும். சோதனைச் செலவு, தனி ஆலை, குறைந்த விற்பனை. விலை சாதாரண மாவைப்போலப் பல மடங்கு. ஊரடங்கில் அதுவும் கூரியர் வண்டி நின்றதோடு நின்றது. எய்ம்ஸ் மருத்துவர்கள் பின்னர் நோயாளிகளிடம் கேட்டு எழுதியதிலும் இத்தகைய சிக்கல்களே வந்தன: பொருள் கிடைக்கவில்லை, காசு இல்லை, மருத்துவமனைக்கு வரப் பயம்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீலியாக் என்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கொரோனா வந்தால் பிழைக்கமாட்டார் என்று பலர் நம்பினார்கள். நோயாளிகளே வீட்டுக்குள் ஒடுங்கிப்போனார்கள். ஸ்வீடனில் 40,000-க்கும் மேற்பட்ட சீலியாக் நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொரோனா முற்றி மருத்துவமனை சேரும் ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் மற்ற எவரையும் போலத்தான். கொரோனா தடுப்பூசியிலும் குளூட்டன் கிடையாது. சிலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது என்பதால் நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக நோயைக் கண்டுபிடிப்பதும் அந்த நாட்களில் தடைப்பட்டது. குடல் உள்நோக்கிக் கருவியால் ஒரு சிறு சதை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. தொற்று பயத்தில் அந்த அறைகளே மூடிக் கிடந்தன. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதம் வரம்பைப்போல 10 மடங்குக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்குச் சதை எடுக்காமலே, இன்னொரு ரத்தச் சோதனையால் உறுதி செய்யலாம் என்று ஐரோப்பிய குழந்தை மருத்துவர்கள் முன்பே வகுத்திருந்தார்கள். 2020-இல் பிரிட்டிஷ் குடல்நோய் மருத்துவர் சங்கம் 55 வயதுக்கு உட்பட்ட பெரியவர்களுக்கும் அதைத் தற்காலிகமாக அனுமதித்தது. நல்ல முடிவு என்பது என் எண்ணம். இதில் நம் மக்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்ததும் நாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

இனி மருத்துவமனை வார்டுக்கு வருகிறேன். அந்தக் கொரோனா நாட்களில் வார்டில் ஒரு சீலியாக் நோயாளி படுத்தால் என்ன ஆகும்? உடன் யாரும் இருக்க முடியாது. வீட்டுச் சாப்பாடு உள்ளே வராது. மூச்சிரைப்பில் பேசவே முடியாதவர், தட்டில் பாலும் பன்னும் வந்தால் எப்படி விளக்குவார்? நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளி என்றாலே பிரெட். சர்க்கரை நோய் இருந்தால் இரவுக்குச் சப்பாத்தி. சேர்க்கும் தாளில் ‘மருந்து ஒவ்வாமை உண்டா’ என்ற கட்டம் இருக்கிறது. உணவுக்கு ஒரு கட்டம் பல இடங்களில் இன்னும் இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்கக் காசு செலவில்லை. கோதுமை இல்லாத சாப்பாடு கொடுப்பதிலும் தமிழ்நாட்டில் கஷ்டம் இல்லை. கஞ்சி, இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம்; கரண்டியும் பாத்திரமும் தனி; பெருங்காயத்துக்குக் கவனம். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் என்னை மிகவும் வருத்தியது இன்னொன்று. தாய்க்குத் தொற்று வந்து தனிமைப்படுத்தினால், பத்தியத்தின் நுணுக்கமெல்லாம் அந்த ஒருத்தியின் தலையில்தான் இருக்கும். பிள்ளையைப் பார்க்க வரும் சித்திக்கோ பக்கத்து வீட்டாருக்கோ எதுவும் தெரியாது. 2021-இன் இரண்டாம் அலையில் இது எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! அதனால் நான் என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஒரே ஒரு தாள். பிள்ளைக்கு என்ன நோய், எதெது கூடாது, எந்தப் பொருளை எந்தக் கடையில் எந்தப் பெயரில் வாங்குகிறோம், எந்தத் தோசைக்கல் அவனுக்கு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தால் அவன் கையாலேயே எழுதவைக்கச் சொன்னேன். தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்றி ஊட்ட முடியாது.

இருப்பு வைப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. தனி மாவு, தனி பிஸ்கட் என்று விலையுயர்ந்த பொட்டலங்களைத் தேடாமல், முழுத் தானியமாக வாங்கி வையுங்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பயறு. முழு மணியைக் கழுவிக் காயவைத்து வீட்டில் அரைத்தால் தூசியும் போகும், காசும் மிஞ்சும். நம் பாட்டன் காலத்துச் சமையல் இதற்கு ஏற்றது. ஆனால் அது நம்மைக் கவசம்போலக் காக்கும் என்று இருந்துவிட வேண்டாம். தெற்கே நோய் குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் நாளுக்கு அந்த 25 கிராம் கோதுமைதான். இரவுக்குச் சப்பாத்தி, மாலைக்குப் பரோட்டா, காலைக்குப் பிரெட் என்று நம் தட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. ஊரடங்கில் சென்னை அம்மா உணவகத்தில் காலையில் இட்லி கிடைத்தது, இரவில் சப்பாத்தி. மரபணு நம்மிடமும் இருக்கிறது.

குறைவாக இருப்பதில் ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. ஹரியானாவில் ‘கோதுமை ஆகாது’ என்றால் யாராவது ஒருவருக்காவது புரியும். இங்கே ஆயிரத்தில் ஒருவர். ஹோட்டல்காரருக்குத் தெரியாது, பள்ளிக்குத் தெரியாது, சில நேரம் மருத்துவருக்கே சந்தேகம் வராது. கோவையிலும் திருப்பூரிலும் வடநாட்டிலிருந்து வந்து உழைக்கும் குடும்பங்கள் இன்று ஏராளம். அவர்கள் பிள்ளை வளராமல், வயிறு உப்பி, ரத்தசோகையோடு வந்தால், பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிடாமல் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் எழுதுங்கள் என்று இங்கே வந்திருக்கும் இளம் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு தானியத்துக்குத் திரும்புகிறேன். “80 கோடிப் பேருக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகவா பார்க்க முடியும்?” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் 2022-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் அடித்த வெயிலில் கோதுமை விளைச்சல் குறைந்தது, கொள்முதலும் சரிந்தது. மே மாதம் மத்திய அரசு இதே திட்டத்தில் பல மாநிலங்களுக்குக் கோதுமையைக் குறைத்து, சுமார் 55 லட்சம் டன் அளவுக்கு அரிசியாக மாற்றிக் கொடுத்தது. பீகார், கேரளம், உத்தரப் பிரதேசம் மூன்றுக்கும் இந்தத் திட்டத்தில் கோதுமையே இல்லை என்றானது. ஓர் ஆணையில் நடந்தது. ஆக, மாற்ற முடியும். கிடங்கில் அரிசியும் இருக்கிறது, கடைக்குப் போகும் வழியும் இருக்கிறது. மருத்துவச் சான்று காட்டும் குடும்பத்துக்கு நோயாளியின் 5 கிலோவை மட்டும் அரிசியாகவோ கம்பாகவோ மாற்றித் தருவது முடியாத காரியம் அல்ல. நம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கிக்கொள்ளும் வசதி ஆண்டுக்கணக்காக இருக்கிறது. அதையே தலைகீழாக வடக்கே செய்ய வேண்டும்.

இந்தப் பொறுப்பு அரசோடு நிற்பதும் அல்ல. வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் தொற்று வந்தாலும் முதலில் சமைத்துக் கொண்டு ஓடுவது நீங்கள்தான். கோயில் அன்னதானம் நடத்துகிறவர்கள், குடியிருப்போர் சங்கத்தார், ரோட்டரி, லயன்ஸ் அன்பர்கள், கல்லூரி மாணவர்கள். பொட்டலம் கட்டும்போது பத்தில் ஒன்றாவது கோதுமை இல்லாமல் கட்டுங்கள். மேலே ஒரு குறி போடுங்கள். கணக்கெடுக்கும் தாளில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும் வரிக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: கோதுமை சாப்பிடக் கூடாதவர் யாராவது இருக்கிறார்களா? அடுத்த பேரிடருக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளை இந்த மாதமே திருத்துங்கள்.